ஆவுடையின் ஹெட்போன்

எங்கள் ஊர் மடத்துப்பேரியில் அந்த வருஷத்து அம்மன் கோயில் கொடைத் திருவிழா முடிந்து, பந்தல்காரர்கள் கம்பு பிடுங்கிக்கொண்டிருந்த காலை வேளையில், மைக் செட் கொம்பையா தன் ஐந்து வயது மகள் ஆவுடையின் தலையிலிருந்து ஹெட்போனைக் கழற்றினான். கழற்றும்போது அவளுடைய குரலும் கூடவே கழன்று அதற்குள் தங்கிவிட்டது. பிள்ளை வாயைத் திறந்தாள், உதடு கூடியது, பிரிந்தது, நாக்கு மேலே தொட்டு இறங்கியது, சத்தம் மட்டும் வரவில்லை. கொம்பையாவுக்கு அது உடனே தெரியவில்லை. வருஷக்கணக்காக ஒலிபெருக்கிக் குழாய்க்கு அடியிலேயே உட்கார்ந்து அவன் காது மந்தமாகிப் போயிருந்தது. கொடை முடிந்த மறுநாள் பக்கத்தில் வெடி போட்டால்கூடத் திரும்பிப் பார்க்கமாட்டான். அதனால் யார் என்ன சொன்னாலும் செய்கிற மாதிரி "சரிட்டி, சரிட்டி" என்று தலையை ஆட்டிவிட்டு, மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

அந்த ஹெட்போன் வந்த கதையைச் சொல்ல வேண்டும். சென்னையில் மூடிப்போன ஏதோ ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தின் சாமான்களை மூட்டையாகக் கட்டி விற்றபோது கொம்பையா வாங்கி வந்த ஒயர் சுருள்களுக்கு நடுவில் அது கிடந்தது. கறுப்பு, நல்ல கனம், காதுக்கு மெத்தை வைத்தது, ஓரத்தில் அறுநூறு ஓம் என்று மின்தடைக் கணக்கு பொறித்திருந்தது. போனில் சொருகிக் கேட்டால் பாட்டு அடுத்த ஊர்க் கல்யாண வீட்டில் ஓடுவது மாதிரி இருந்தது. 'செத்த சாமான்' என்று ஆணியில் மாட்டிவிட்டான். பிறகு கொடை வந்தது. அவன் பெண்டாட்டி முப்பிடாதி பொங்கல் வைக்கவும் மாவிளக்கு எடுக்கவும் கோயிலே கதி என்று கிடந்தாள், பிள்ளை ஆம்பிளிபயர் மேசைக்குப் பக்கத்தில் அப்பாவோடு இருந்தாள். ஊர் முழுக்க நாற்பது குழாய், அதில் நாலு பிள்ளையின் தலைக்கு நேர் மேலே. அவள் காதைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவன் பாசத்தோடுதான் செய்தான், அதில் எங்களுக்கு இன்றுவரை சந்தேகம் இல்லை: ஆணியில் தொங்கிய அந்தச் செத்த சாமானை எடுத்து அவள் காதை மூடி மாட்டினான். பாதி முகம் மறைந்துபோயிற்று. ஒயரின் நுனி எதிலும் சொருகாமல் அவள் மடியில் கிடந்தது. கொடை முடிகிறவரை அதை அவள் கழற்றவேயில்லை. உள்ளே இருந்துகொண்டு அப்பாவைப் பார்த்து என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தாள். வாய் அசைந்ததை எல்லாரும் பார்த்தோம், அந்தச் சத்தத்தில் எங்களுக்கு மட்டும் என்ன கேட்கும்?

குரல் போன இடத்தை முப்பிடாதிதான் கண்டுபிடித்தாள். "என்னட்டி, வாய மட்டும் அசைக்கே, சத்தத்தக் காணும்?" என்று பிள்ளையின் நாடியைப் பிடித்து முகத்தை நிமிர்த்தினாள். ஆவுடை முகத்தை விடுவித்துக்கொண்டு போய், ஹெட்போனைத் தரையோடு இழுத்து வந்து, ஒயர் நுனியை அம்மாவின் போனில் தானே சொருகி, மெத்தையை அம்மா காதில் வைத்து அழுத்தி, மறுபடி வாயைத் திறந்தாள். போனில் பாட்டு எதுவும் ஓடவில்லை. ஆனாலும் உள்ளே குரல் இருந்தது, அவள் பெற்ற பிள்ளையின் குரல்தான், சுவருக்கு அந்தப் பக்கம் கொசு பறப்பது மாதிரி.

"எப்பான்னு ஆரம்பிக்கா," என்றாள் முப்பிடாதி. "அதுக்கு மேல வெளங்கல. கடைசியிலயும் ஒரு 'ப்பா' இருக்கு. உங்களத்தான் கூப்பிடுதா. நீங்க கேளுங்க."

கொம்பையா வாங்கிக் கேட்டான். இந்தக் காதில் வைத்தான், அந்தக் காதில் வைத்தான், போனின் சத்தத்தை முட்ட வைத்தான், மூச்சை அடக்கினான். ஒன்றும் இல்லை. பிள்ளை அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாக, சோறு ஊட்டுகிற மாதிரி சொல்லிக்கொண்டிருந்தாள். ஊரையே கேட்க வைக்கிறவனுக்கு வீட்டில் ஒரு பிள்ளை கூப்பிடுவது கேட்கவில்லை. அவன் முகத்தை அன்றைக்குப் பார்த்தவர்கள் இரண்டாம் தடவை பார்க்க விரும்பவில்லை.

தென்காசி டாக்டர் தொண்டையில் விளக்கடித்துப் பார்த்து, பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை, குரல் வேறு இடத்தில் இருக்கிறது, அவ்வளவுதான் என்று சொல்லி அனுப்பினார். திருநெல்வேலி டாக்டர் அதையே இங்கிலீஷில் சொன்னார். ஹெட்போனை அரிசிப் பானைக்குள் போட்டு வைத்தால் சரியாகும் என்று போன் கடைக்காரன் சொல்ல, அதையும் செய்தார்கள். பானைக்குள் கிடந்தபோது அரிசி லேசாக அதிர்ந்ததை முப்பிடாதி பார்த்தாள். அதற்கப்புறம் ஊர் இதற்குப் பழகிக்கொண்டது. பழகிக்கொள்வதில் எங்கள் ஊரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. எஸ்தர் டீச்சர் தினமும் ஆஜர் எடுக்கும்போது ஆவுடையின் பெயர் வந்தால் மட்டும் ஹெட்போனை மாட்டி, தன் போனில் சொருகி, தலையை ஆட்டி, டிக் போட்டு, கழற்றி வைத்தாள். மிட்டாய்க்கடை செல்லப்பா கண்ணாடி டப்பாக்களை வரிசையாக வைத்து, எது வேண்டும் என்று பிள்ளை தொட்டுக் காட்டும்படி செய்துகொடுத்தான். மற்றப் பிள்ளைகள் கண்ணாமூச்சி ஆட்டத்தில் அவளை எப்போதும் ஒளிகிற பக்கமே சேர்த்துக்கொண்டார்கள், ஏனென்றால் அவள் சிரித்தாலும் காட்டிக்கொடுக்காது.

பிறகு பெரியவர்கள் வர ஆரம்பித்தார்கள். முதலில் வந்தவள் மகளுக்கு வரன் அமையாத ஒருத்தி. வேடிக்கை பார்க்க வந்தவள் ஹெட்போனைக் காதில் வைத்துவிட்டு, "தை மாசம்ங்கா, தை மாசம்ங்கா" என்று கண்ணீர் விட்டாள். அடுத்து வந்த விவசாயிக்கு மழை என்று கேட்டது. எதிர்த்த வீட்டுக்காரனோடு வரப்புத் தகராறில் இருந்தவனுக்கு 'உனக்குத்தான்' என்று கேட்டது, மறுநாள் அந்த எதிர்த்த வீட்டுக்காரன் வந்தான், அவனுக்கும் அப்படியே கேட்டது. பஞ்சாயத்துத் தேர்தலில் நின்றவர்கள் அத்தனை பேரும் கேட்டுவிட்டு அத்தனை பேரும் சிரித்துக்கொண்டே போனார்கள். தெளிவில்லாமல் கேட்கிற குரலுக்கு இருக்கிற வசதி அது. வாசலில் செருப்புக் குவிந்தது, மஞ்சளும் குங்குமமும் மெத்தையில் ஏறியது, பக்கத்து ஊர்களிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள், வந்த வேன்கள் ஹாரன் அடித்தன, வரிசை நிற்கிற கூட்டம் கத்தியது, கூட்டத்தை அடக்க ஒருவர் விசில் ஊதினார், இத்தனைக்கும் நடுவில் பிள்ளை பாயில் உட்கார்ந்து, எதிரே எந்த முகம் வந்தாலும் அதைத் தாண்டி, மூலையில் நிற்கிற அப்பாவைப் பார்த்தே வாயசைத்துக்கொண்டிருந்தாள். அவள் சொன்னது ஒரே வாக்கியம்தான் என்று முப்பிடாதி அடித்துச் சொன்னாள். "ஒண்ணத்தான் திருப்பித் திருப்பிச் சொல்லுதா. தையும் இல்ல, மழையும் இல்ல. அவ அப்பாகிட்ட என்னமோ கேக்கா." யார் காதில் ஏறும் அது?

பல் டாக்டர் ஞானதிரவியம் குறி கேட்க வரவில்லை, ஹெட்போனைப் பார்க்க வந்தார். நாள் முழுக்க ஊரார் பல்லைக் குடைகிற சத்தத்தைக் கேட்டுவிட்டு, மத்தியானம் கிளினிக்கைச் சாத்திக்கொண்டு பாட்டுக் கேட்கிற மனுஷன். சம்பாதிப்பதெல்லாம் காதுக்கே போகிறது என்று அவர் மனைவி சொல்லாத நாள் இல்லை. அவர் மெத்தையிலிருந்த குங்குமத்தைத் துடைத்துவிட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இது செத்த சாமான்னு யாரு சொன்னா? அருமையான சாமான். இப்ப வர்ற ஹெட்போன் எல்லாம் முப்பது ஓம், நாப்பது ஓம். போன் குடுக்குற துளியூண்டு வோல்ட்டுக்கே கத்தும். இது அறுநூறு. உள்ள இருக்குற கம்பி தலமுடிய விட மெலிசு. மெலிசுக் குழாய்ல தண்ணி ஏறணும்னா தொட்டிய உசரத்துல வைக்கணும்லா? தண்ணி நெறைய வேண்டாம். உசரம்தான் வேணும். அந்த உசரந்தான் வோல்ட்டு."

"அப்பம் வோல்ட்ட ஏத்துனா எம்மவ பேசுதது கேக்குமா, டாக்டரய்யா?"

"கண்டிப்பாக் கேக்கும். வோல்ட்டு இல்லாமத்தான் அவ அங்கன கெடந்து முனங்குதா."

தன் வீட்டிலிருந்த சின்ன ஆம்பிளிபயரைக் கொண்டுவந்து அவர் அன்றைக்கே போட்டுப் பார்த்தார். அது சின்ன ஓம் ஹெட்போனுக்குச் செய்தது. ஆனாலும் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த கொசு ஜன்னல் வரைக்கும் வந்தது. நடுவில் இரண்டு வார்த்தை இருப்பது தெரிகிறது என்றாள் முப்பிடாதி. கொம்பையாவுக்கு முதல் தடவையாக என்னவோ கேட்டது, வார்த்தையாக இல்லை, மகளின் மூச்சாக. அவன் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். இந்த ஹெட்போனுக்கென்றே ஆம்பிளிபயர் செய்து தருகிற ஒருவர் சென்னையில் இருக்கிறார், இன்றைக்கே சொல்லிவிடுகிறேன், பார்சல் வருகிறவரை பொறுத்திருங்கள் என்று டாக்டர் சொன்னார். எத்தனை வோல்ட் என்று அவரும் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை.

பார்சல் வரவில்லை. அதற்குள் ஆவுடைக்கு அலுப்புத் தட்ட ஆரம்பித்தது. விடிந்ததும் தொடங்கி ராத்திரிவரை சொல்லிக்கொண்டிருந்தவள், சாப்பிடும்போது மட்டும் சொன்னாள், பிறகு தூங்கப்போகும்போது மட்டும், பிறகு அப்பா குனிந்து முகத்துக்கு நேரே வந்தால் மட்டும். உதடு முன்போல விரியவில்லை. இந்த ஒன்றையும் விட்டுவிட்டால் பிள்ளை அப்புறம் பேசவே மாட்டாள் என்று கொம்பையாவுக்குப் பயம் வந்துவிட்டது. இந்த நேரம் பார்த்து ஊர் கூடி ஒரு முடிவெடுத்தது: பிள்ளை குரலில் வாக்குச் சொல்கிற அம்மனுக்கு ஆவுடை பெயரில் ஒரு சின்னக் கொடை கொடுக்க வேண்டும். சின்னக் கொடை என்றாலும் குழாய் குறையக்கூடாது. மைக் செட் யாருடையது என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. அவன் மறுத்துத் தலையாட்டியதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு கலைந்து போனோம். எங்களையும் சேர்த்தே சொல்கிறேன்.

கொடையன்று உச்சி வேளையில் நாற்பது குழாயும் பாடிக்கொண்டிருக்க, கொம்பையா தன் ஆம்பிளிபயரின் முதுகைப் பார்த்தபடி நின்றான். அங்கே ஒயர் மாட்டுகிற திருகுகள் வரிசையாக இருந்தன: நாலு ஓம், எட்டு ஓம், பதினாறு ஓம், கடைசியில் நூறு வோல்ட். பக்கத்தில் வைக்கிற பெட்டிகளுக்கு ஓம் திருகு. தெருத்தெருவாக ஒயர் இழுத்துக் கட்டுகிற குழாய்களுக்கு நூறு வோல்ட் திருகு. வோல்ட் ஏற்றி அனுப்பினால்தான் கடைசித் தெருவரை சத்தம் சோராமல் போகும் என்பது மைக் செட் போடுகிற எல்லாருக்கும் தெரிந்ததுதான். தொழில் பழகிய புதிதில் ஒரு பெட்டியைத் தப்பான திருகில் கொடுத்து ஆம்பிளிபயரைப் புகைய விட்டவன் கொம்பையா. அதிலிருந்து பொருத்தம் பார்க்காமல் ஒரு ஒயரைத் தொடமாட்டான், கல்யாணத்துக்கு ஜாதகம் பார்க்கிறவர்கள்கூட அவ்வளவு பார்ப்பார்களா தெரியாது. எட்டுக்கு எட்டு, பதினாறுக்குப் பதினாறு. அறுநூறுக்கு அங்கே திருகு இல்லை. ஆனால் குழாய்க்குப் பின்னால் மாட்டுகிற சின்ன டிரான்ஸ்பார்மர் இருக்கிறதே, அதோடு சேர்த்து மீட்டர் வைத்தால் ஒரு குழாய் ஏறக்குறைய அறுநூறுதான் காட்டும். அப்படியானால் இந்த ஹெட்போனும் ஒரு குழாய். நூறு வோல்ட் கேட்கிற குழாய். வோல்ட் இல்லாமல்தான் பிள்ளை முனகுகிறாள் என்று படித்த மனுஷன் சொல்லிவிட்டாரே. கணக்கு அவ்வளவு சுத்தமாக வந்தது அவனுக்கு.

மகளைக் கூப்பிட்டு மேசைமேல் உட்கார வைத்தான். ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தினான். ஊர் திடுக்கென்று அமைதியாகி, என்னவோ கெட்டது நடந்துவிட்டது என்று எல்லாரும் தலைதூக்கிப் பார்த்தோம். ஹெட்போன் ஒயரின் நுனியை வெட்டி, தோலைப் பல்லால் உரித்து, நாற்பத்தோராவது குழாயாக அதை நூறு வோல்ட் திருகில் முறுக்கினான். கொடைக்கு வைத்த வால்யூமைக் குறைக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. கேட்கவில்லையே என்றுதானே இத்தனை நாளும் தவித்தான். மெத்தையைத் தன் காதருகே பிடித்துக்கொண்டு, "இப்பம் சொல்லு தாயி," என்றான்.

ஆவுடை அப்பாவைப் பார்த்துச் சொன்னாள்.

குரல் ஹெட்போனில் வந்தது, ஹெட்போனோடு நிற்கவில்லை, திருகு வழியாகத் திரும்பி ஒயரில் ஏறி, கோயில் வேம்பில் கட்டிய நாலு குழாயிலும், வடக்குத்தெரு தெற்குத்தெரு மின்கம்பங்களிலும், குளத்தங்கரைப் பனைமரத்திலும், பஸ் நிற்கிற முக்கிலும் ஒரே நேரத்தில் வெடித்தது. பொங்கல் பானைக்கு முன்னால் குனிந்திருந்த முப்பிடாதி கேட்டாள், ஒருவருடைய வாயைத் திறந்து வைத்திருந்த பல் டாக்டர் கேட்டார், வரப்புத் தகராறுக்காரர்கள் இரண்டு பேரும் கேட்டார்கள், தை மாசத்துக்குப் பந்தல் சொல்லிவிட்டிருந்தவள் கேட்டாள், குளத்தில் கிடந்த எருமைகள் காதை விடைத்துக் கேட்டன, கொம்பையாவும் தன் மந்தக் காதால் ஓர் எழுத்து விடாமல் கேட்டான்:

"எப்பா, சத்தத்தக் கொஞ்சம் கொறப்பா!"

அவ்வளவுதான். முடி கருகுகிற நாற்றம் வந்தது. மெத்தைக்குள்ளிருந்து நூல் மாதிரிப் புகை எழுந்தது. அவன் ஒயரைப் பிடுங்கி எறிந்தபோது காப்பாற்ற ஒன்றும் மிச்சமில்லை. ஆம்பிளிபயர் சூடாகக்கூட இல்லை; அதற்கு அது சரியான பொருத்தம்.

கருகிய ஹெட்போனைப் பல் டாக்டர் சென்னைக்கு அனுப்பி, புதுச் சுருள் போட்டு வாங்கினார். கூடவே அந்தப் பார்சலும் வந்து சேர்ந்தது, அறுநூறு ஓமுக்கென்றே செய்த சின்ன ஆம்பிளிபயர், உள்ளங்கை அகலம்தான். இரண்டையும் சேர்த்தால் பாட்டு துல்லியமாகக் கேட்டது, பாடுகிறவர் எச்சில் விழுங்குவதுகூடக் கேட்டது. ஆவுடை வாயசைத்தபோது ஒன்றும் வரவில்லை. எட்டு ஓம் திருகிலேயே கொடுத்து வால்யூமை இம்மி திருப்பியிருந்தால் போதுமே, நாலஞ்சு வோல்ட்டுக்கு மேல் அது கேட்கவே கேட்காதே என்று டாக்டர் எங்களிடம் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டார். அதைக் கொம்பையாவிடம் நாங்கள் யாரும் சொல்லவில்லை. தொழில்காரன், அவனுக்கே தெரிந்திருக்கும்.

பிள்ளை சொன்னதை ஊர் எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்டால், வழக்கம்போலத்தான். அது தெற்குத்தெருவுக்குச் சொன்னது என்று வடக்குத்தெரு சொன்னது. வடக்குத்தெருவுக்குச் சொன்னது என்று தெற்குத்தெரு சொன்னது. வேன்காரர்களுக்குச் சொன்னது என்றார்கள் சிலர், விசில் ஊதியவருக்கு என்றார்கள் சிலர். கொஞ்ச நாள் எல்லாரும் மெதுவாகப் பேசினோம், பிறகு மறந்துபோனோம். அடுத்த விசேஷத்துக்குப் புளியங்குடியிலிருந்து வேறு மைக் செட் வந்தது.

கொம்பையா மட்டும் தன் குழாய்கள் எல்லாவற்றையும் இறக்கினான். ஏணி போட்டு ஒவ்வொன்றாகக் கழற்றி, வாயில் சாக்கைத் திணித்து, கொட்டகையில் அடுக்கிப் பூட்டினான். வீட்டில் டிவியை நிறுத்தினான், மிக்சியை மூட்டை கட்டினான், முப்பிடாதி அம்மியில் அரைத்தாள், கதவுக்கு எண்ணெய் விட்டார்கள். அந்தத் தெருவில் நாங்கள் சைக்கிளைக்கூட மணியடிக்காமல் தள்ளிக்கொண்டு போனோம். வீடு அவ்வளவு அமைதியான ஒரு சாயங்காலத்தில் அவன் மகளுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, "கொறச்சிட்டேன் தாயி. எல்லாத்தையும் நிறுத்தியாச்சு. பாத்தியா?" என்றான்.

ஆவுடை சுற்றிப் பார்த்தாள். ஹெட்போன் போனபின் பழக்கத்தில் பொத்தியிருந்த காதிலிருந்து கையை எடுத்தாள். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்து முப்பிடாதி அடுக்களை வாசலிலேயே நின்றுவிட்டாள். பிறகு பிள்ளை அப்பாவின் முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு, சத்தம் குறைந்த பிறகு சொல்லலாம் என்று இத்தனை நாள் வைத்திருந்ததைச் சொல்லத் தொடங்கினாள்.

அது பழைய வாக்கியம் இல்லை. நீளமானது. கையை விரித்துச் சொன்னாள், வாசலைக் காட்டிச் சொன்னாள், ஓரிடத்தில் சிரித்தாள், ஓரிடத்தில் குரலைத் தாழ்த்துகிறவள்போல முன்னால் சாய்ந்தாள், ஒரு தடவை கண் கலங்கியது. கொம்பையா உதட்டைப் பார்த்தான், நாக்கைப் பார்த்தான், காதை அவள் வாயோடு வைத்தான். சூடான மூச்சு மட்டும் பட்டது. அவன் முப்பிடாதியைத் திரும்பிப் பார்த்தான். அவள் தனக்கும் கேட்கவில்லை என்று தலையசைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிள்ளை சொல்லி முடித்தாள். அப்பா என்ன சொல்லப்போகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரிட்டி," என்றான் கொம்பையா.

அவள் கொஞ்ச நேரம் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு, இவருக்கு இன்னும் கேட்கவில்லை என்று தெரிந்துகொண்டவளாக, கோபமே இல்லாமல், முதலிலிருந்து மறுபடி சொல்ல ஆரம்பித்தாள்.